மரவள்ளித் தாளில் சுற்றிய சோறு

இரசாயனவியலில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் நாட்டில் இரண்டே கேள்விகள்தான் வரும்: "வெடிக்குமா?" என்பது ஒன்று, "சாப்பிடலாமா?" என்பது மற்றது. நான் செய்த பொருள் வெடிக்கவும் வெடிக்காது, சாப்பாடும் அல்ல. சாப்பாட்டைச் சுற்றுகிற பொருள். ஆகவே இரண்டு கேள்விக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, யுத்த காலத்தில் என் இளமையின் சில வருடங்களைக் கண்டியில் கழித்தேன். ஆய்வுகூடங்களில் காலத்தைத் தொலைத்த என் சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இராது. பொருளின் பெயரை மாற்றிக்கொண்டால் உங்கள் கதையும் இதுதான்.

என் பொருளின் பெயர் லன்ச் சீட். கடையில் சோத்துப் பார்சல் கட்டும்போது பேப்பரின் மேல் விரிப்பார்களே, அந்த மெல்லிய பொலித்தீன் தாள். மத்தியானத்தோடு அதற்கு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு கழிவுநீர்க் கான்களிலும் வயல்களிலும் மாடுகளின் வயிற்றிலும் அது சாகாவரம் பெற்று வாழும். அதற்குப் பதிலாக, மத்தியானம் வரை பொலித்தீன் மாதிரி நடந்துகொண்டு, பிறகு நல்ல பிள்ளையாக மண்ணோடு மண்ணாகிவிடுகிற ஒரு தாளை மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்யவேண்டும். திட்டத்தின் தலைப்பில் இதை "நிலைபேறான தொழிற்பாட்டுப் பொருள்களின் வடிவமைப்பு" என்று போட்டிருந்தார்கள். தலைப்பை நம்பி ஆய்வுகூடத்துக்கு வந்தவர்கள் என்னுடைய அடுப்பையும் கஞ்சிச் சட்டியையும் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

அந்தத் தாளில் எனக்கு வேறொரு அக்கறையும் இருந்தது. நான் யாழ்ப்பாணத்துப் பெண். ஊருக்குப் போகிற பாதை பூட்டிக் கிடந்தது. "இங்கை வராதை, அங்கேயே இரு" என்று அம்மா எழுதிக்கொண்டிருந்தார். கண்டியில் தங்கியிருக்கும் வடக்குத் தமிழர் ஒவ்வொருவரும், ஏன் தங்கியிருக்கிறார் என்பதற்குப் பொலிசுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். என் காரணம் இந்தத் தாள். ஆராய்ச்சிக்கு உதவிப்பணம் தந்த குழு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: உண்மையான சாப்பாட்டுக் கடையொன்றில் ஒரு மாதம் பாவித்துக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் வருட முடிவோடு பணம் நிற்கும். பணம் நின்றால் காரணம் நிற்கும். காரணம் நின்றால் நான் எங்கே போய் நிற்பது என்பதை எந்தக் குழுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கார அக்காவின் யோசனை

நான் அறை எடுத்திருந்தது பாக்கியம் அக்காவின் வீட்டில். அவருடைய கணவர் மாநகரசபையில் கிளாக். போன புதிதில் ஒரு காலைச் சாப்பாட்டின்போது, "நீங்க என்னம்மா படிக்கிறீங்க?" என்று அக்கா கேட்டுவிட்டார். புதிதாக ஆராய்ச்சி தொடங்கியவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குத் தெரியாது. பொலித்தீன் ஏன் உக்கி மண்ணாகாது என்பதிலிருந்து தொடங்கி, மாவுக்குள் இருக்கும் சங்கிலிகள், அவற்றை நீட்டிப் படிய வைக்கும் விதம் என்று தோசை ஆறும்வரை விளக்கினேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, குசினி யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே அவர்கள் வீட்டு வாழைகள் ஆளுயர இலைகளோடு நின்றன.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாழையிலையை வாட்டாமல் மடித்தால் கிழியும், காற்றுக் காலத்தில் முழு இலை கிடைக்காது, நாளுக்கு நூற்றுக்கணக்கில் பார்சல் கட்டுகிற கடைக்கு எத்தனை தோட்டம் வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்காமலே பதில் சொன்னேன். ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் எழுதியபோதுகூட நான் அவ்வளவு வாதாடவில்லை. அக்கா என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டார். "சரிம்மா, படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க அதக் கண்டுபுடிக்கிற வரைக்கும் ஒங்க மத்தியானச் சோத்த நான் எலயிலயே கட்டித் தர்றேன்."

பிலிமத்தலாவை மருந்துக் கடை

வெறும் மாவில் செய்த தாள் காய்ந்ததும் அப்பளம்போல் நொறுங்கும். அது வளைந்து கொடுக்கக் கிளிசரின் சேர்க்கவேண்டும். யுத்த காலத்தில் கிளிசரினைப் பெரிய போத்தலில் வாங்குவதென்றால் கொழும்பிலிருந்து அனுமதி வரவேண்டும். என் பேராசிரியர் விண்ணப்பம் எழுதினார். அவர் சீமையில் படித்த சிங்களவர், சாந்தமானவர், பொய் என்பது அவர் வாயிலிருந்து வரவே வராது. கிளிசரினிலிருந்து வேறு என்னென்ன செய்யலாம் என்று மேலிடத்திலிருந்து திருப்பிக் கேட்டார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு விஞ்ஞானி எப்படிப் பதில் எழுதவேண்டுமோ அப்படி, வெடிமருந்து உட்பட எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் விளக்கமாக எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு அங்கிருந்து எங்களுக்குக் கடிதமே வரவில்லை.

மிச்சம் இருந்த வழி மருந்துக் கடை. உதட்டு வெடிப்புக்கும் குதிவெடிப்புக்கும் விரல் உயரப் போத்தலில் விற்பார்கள். ஆய்வுகூட உதவியாளர் முத்தையாவும் நானும் ஊர்களைப் பங்குபோட்டுக்கொண்டோம். அவர் கட்டுகஸ்தோட்டையும் அக்குறணையும், நான் கெலிஓயாவும் பிலிமத்தலாவையும். பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த அம்மாவுக்கு நல்ல கண். முதல் தடவை என் உதட்டைப் பார்த்தார். அடுத்த தடவை எட்டி என் காலைப் பார்த்தார். அதற்கடுத்த தடவை நான் கடையில் இருந்த போத்தல்கள் அத்தனையையும் கேட்டபோது, அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக்கொண்டே விசாரித்தார்: "ஏன் மிஸ், ஒங்க குடும்பத்துல மொத்தம் எத்தன ஒதடு?"

சார்ஜன்டின் உத்தரவு

வீடுகளில் தங்கியிருப்பவர்களைப் பரிசோதிக்கப் பொலிசார் இடைக்கிடை வருவார்கள். எங்கள் பகுதிக்கு வருகிற சார்ஜன்ட் இளைப்பாறும் வயதை நெருங்கியவர். கதவைத் தட்டிவிட்டுச் செருப்புச் சத்தம் கேட்கும்வரை பொறுமையாக நிற்பார். என்னிடம் சிங்களத்தில் காரணம் கேட்டார். என் சிங்களம் ஆய்வுகூடச் சிங்களம். அடுப்பு, தண்ணீர், கழுவு, உடைந்துவிட்டது ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒருவாறு விளக்கினேன். அவர் எழுதினார், வெட்டினார், மறுபடி எழுதினார். கண்டிக்கு ஏன் வந்தாய் என்று கேட்டால் ஆஸ்பத்திரி, கலியாணம், வெளிநாட்டுப் பயணம் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லியிருக்கிறார்களாம். சோறு சுற்றுகிற தாள் என்று சொன்ன முதல் ஆள் நானாம். சாட்சிக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் பாக்கியம் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது சார்ஜன்ட் முகம் கடுமையாக இருந்தது. அவருடைய மனைவி அந்தத் தாளில் சோறும் பலாக்காய்க் கறியும் கட்டிக் கொடுத்திருக்கிறார். பதினொரு மணிக்குக் குழம்பு தாளைக் கடந்து, பேப்பரைக் கடந்து, காக்கிக் காற்சட்டைக்கு வந்துவிட்டதாம். எந்த இடத்தில் வந்தது என்பதையும் சபையறியக் காட்டினார். நான் தலை குனிந்து நின்றேன். அந்த நாட்களில் சீருடை போட்டவர்கள் எல்லாரும் என்னிடம் எப்போது போகப்போகிறாய் என்றுதான் கேட்டிருந்தார்கள். இவர் விரலை நீட்டி, சந்தேக நபர்களுக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னார்: "இது சரிவரும் வரைக்கும் நீ கண்டியை விட்டு எங்கேயும் போகக் கூடாது!"

குரங்குகள் போட்ட புள்ளி

கண்ணாடித் தட்டுகளில் கூழை ஊற்றி, பின் விறாந்தையில் காய வைப்போம். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் தட்டுகள் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன, தாள்களைக் காணோம். கூரை முழுக்கக் குரங்கு. நானே பிளேட் வைத்துக் கிளப்பும்போது பாதி கிழித்துவிடுவேன். அவை ஓரத்தில் நகம் போட்டு ஒரே இழுப்பில் முழுசாக உரித்திருந்தன. குழம்பு இறங்காமல் இருக்க இறப்பர்ப்பால் பூசிப் பார்த்த தாளை மட்டும் தொடவில்லை. பேராசிரியர் வந்து அந்தத் தட்டைக் குனிந்து மணந்து பார்த்தார். "அவர்கள் சொல்வது சரி, இதை நானும் நிராகரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ நாள் வேலை, பிலிமத்தலாவைக் கடைக்காரம்மாவின் கேலியைப் பொறுத்துக்கொண்டு வாங்கிய கிளிசரின், அத்தனையும் குரங்கின் வயிற்றில். முத்தையா தட்டுகளைக் கழுவினார். பிறகு வந்த நாட்களிலும் கூரையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தார். தாள் போன துக்கத்தில் இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வாரக் கடைசியில் என் மேசைக்கு வந்து நின்றார். "அழாதீங்க மிஸ். அன்னையிலருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ஒண்ணுகூடச் சாகல. 'ஒடம்புக்குக் கெடுதல் இல்ல'ன்னு தைரியமா எழுதிக்கங்க."

லொறிக்காரரின் சந்தேகம்

கெலிஓயாவில் ஹனிபா நாநாவின் சாப்பாட்டுக் கடை எங்களுக்குக் கிடைத்தது என் பேச்சுத் திறமையால் அல்ல. கடைக்குப் பின்னால் ஓடும் கானை லன்ச் சீட் அடைத்து, மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் அவருடைய குசினிக்குள் வந்தது. "மகள், நீங்க என்னத்தையாச்சும் செஞ்சி தாங்க, கான் ஓடினாப் போதும்" என்று சொல்லிவிட்டார். மாவுத் தாளுக்குக் குழம்புதான் எதிரி என்பதைச் சார்ஜன்டின் காற்சட்டை ஏற்கெனவே நிரூபித்திருந்தது. குழம்பைத் தடுக்க மேலே ஏதாவது பூசவேண்டும். இறப்பர்ப்பாலைக் குரங்குகள் தள்ளிவிட்டன. அடுத்ததாகக் குங்கிலியத்தை உருக்கிப் பூசினேன். ஆய்வுகூடத்தில் அது அபாரமாக நின்றது. பகல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி வைத்தாலும் ஒரு துளி இறங்கவில்லை. நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

சுடச்சுடச் சோறு போட்டுப் பார்க்காமல் தாளை நாநாவின் கடைக்குக் கொடுத்ததுதான் நான் விட்ட பிழை. சூடு பட்டதும் குங்கிலியம் தன் குணத்தைக் காட்டியது. அன்று மத்தியானம் கண்டி வீதியில் பார்சல் அவிழ்த்த இடமெல்லாம் நபி புகழ் ஓதுகிற வீட்டுச் சாம்பிராணி வாசனை. ஒரு லொறிக்காரர் பாதி சாப்பிட்ட பார்சலோடு திரும்பிக் கடைக்கே வந்துவிட்டார். கோபமாக வரவில்லை, குல்லாவைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். கல்லாவில் இருந்த ஹனிபா நாநாவிடம் மரியாதையாகக் கேட்டார்: "நாநா, இது பகல் சோறா, மௌலூதுச் சோறா? ஓதிட்டுத்தான் தின்னணுமா?"

இஞ்சியும் அதற்குப் பிறகும்

கடைசியில் கைகொடுத்தது தேன்மெழுகு. அதில் செய்த தாள் மூன்று மணி நேரம் ஒழுகாமல் நின்றது. ஆறு மணி நேரம் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். மூன்றே போதும் என்று நான் வாதாடினேன். குழு கேட்ட ஒரு மாதப் பரீட்சார்த்தம் கெலிஓயாவில் தொடங்கியது. முதல் சில நாள் ஒரு முறைப்பாடும் இல்லை. கடையில் சமைக்கிற கோக்கி ஜெமீல், கறி அகப்பையைப் பிடித்தபடி, "தங்கச்சி, இது என்னத்துல செஞ்சது?" என்று கேட்டார். வினை எப்போதும் இப்படித்தான் நல்ல வார்த்தையாகவே வரும். "மரவள்ளிக் கிழங்கிலை அண்ணை" என்று பெருமையோடு சொன்னேன். அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் விஷம் என்பது எங்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். இனப்பிரச்சினைக்குத் தீர்வு காண முடியாத மூன்று இனங்களும் கருத்து வேற்றுமையின்றி ஒப்புக்கொண்ட ஒரே விடயம் அதுதான். மரவள்ளி அவித்த அன்றைக்கு எங்கள் அம்மாவும் இஞ்சியைக் கண்ணில் காட்டமாட்டார். ஜெமீலின் மாட்டுக் கறியிலோ இஞ்சிதான் உயிர். "நான் கட்ட மாட்டன் நாநா. ஒரு மனுசன் மவுத்தாப் போனா அல்லாஹ்வுக்கு யாரு பதில் செல்றது?" என்று அவர் அகப்பையை எடுக்காமலே ஒதுங்கி நின்றார். சாப்பிட வந்தவர்கள் தங்கள் பார்சலை மணந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

என் ஒரு மாதக் கணக்கு என் கண் முன்னே போய்க்கொண்டிருந்தது. பதற்றத்தில் விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தேன். மாவைப் பலமுறை கழுவித்தான் தாள் செய்கிறோம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி விளக்கினேன். "பயப்பிடாதேங்கோ, அதிலை இருந்த சயனைட் எல்லாத்தையும் நானே என்ரை கையாலை எடுத்திட்டன்!" என்று முடித்தேன். போராளிகளின் கழுத்தில் தொங்கும் குப்பியில் இருப்பது அதுதான் என்று நாடே பேசிக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பெண் அந்தச் சொல்லைக் கடை நடுவில் நின்று கத்துகிறாள். மூலை மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு இராணுவத்தினருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சொல் மூன்று மொழியிலும் ஒன்றுதான். இருவரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஹனிபா நாநா கல்லாவிலிருந்து இறங்கிப் போய், சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கிழங்கு, மா, கழுவுதல் எல்லாவற்றையும் சொல்லி, இன்னொரு தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்து அவர்களை அமர்த்தினார். மிச்சத் தாள்கள் அலுமாரிக்கு மேல் ஏறின. நாநா எனக்கும் ஒரு தேத்தண்ணியை நீட்டினார். "மகள், நீங்க இஞ்சியோட நிப்பாட்டியிருக்கலாமே."

பேராசிரியரின் நம்பிக்கை

நடந்ததைக் கேட்டுப் பேராசிரியர் கொதித்துப்போனார். இருபதாம் நூற்றாண்டில் இப்படியொரு மூடநம்பிக்கையா என்று கேட்டார். தாளைத் தானே எடுத்து, தானே சோதித்து, நஞ்சு துளிகூட இல்லை என்று கையெழுத்தும் போட்டுத் தந்தார். ஜெமீலுக்கு அதைக் கொடுத்தேன்; அவர் இரண்டு கையாலும் வாங்கி, அலுமாரிக்கு மேல் தாள்களோடேயே வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் முத்தையா கண்டீனிலிருந்து அவித்த மரவள்ளியும் பால் விடாத பிளேன்ரீயும் கொண்டுவந்தார். பேராசிரியர் ஒரு துண்டை வாயில் போட்டார். பிளேன்ரீயைக் கையில் எடுத்தவர் மணந்து பார்த்தார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. கோப்பையை மெதுவாக மேசையின் மறு கரைக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "என் சோதனை முடிவில் எனக்குப் பூரண நம்பிக்கை இருக்கிறது. இருந்தாலும் எதற்கு வீண் வம்பு?"

ஊரடங்கில் கட்டிய பார்சல்

இனி நடந்ததைக் கேலியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. குழு வருவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது சுற்றுப்புறத்து ஊர்களில் தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. கடைகள் எரிந்தன. தேயிலைத் தோட்டத்து லயன் குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் உடுத்த துணியோடு இறங்கி ஓடிவந்து, கெலிஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைந்திருந்தன. ஊரடங்கு போட்டதும் பேராசிரியரும் அவருடைய மனைவியும் என்னைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். வாசலில் யார் வந்து கேட்டாலும் என்னைத் தங்கை மகள் என்று சொல்வதென்று அந்த அம்மா தீர்மானித்திருந்தார். பொய்யே வராத பேராசிரியர் அந்த வசனத்தை எனக்குக் கேட்காது என்று நினைத்து அறைக்குள் நின்று சொல்லிப் பழகினார். அதைக் கேட்டுவிட்டு நான் குளியலறையில் போய் அழுதேன்.

காலையில் சில மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்தியபோது ஹனிபா நாநாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குச் சோறு ஆக்கியிருக்கிறார். கொழும்பு லொறி வராததால் லன்ச் சீட் இல்லை. "மகள், அலுமாரிக்கு மேல ஈந்த ஒங்கட தாள எடுத்திட்டம். அது எல்லாருக்கும் காணாது. இன்னம் ஈந்தாக் கொண்டுவாங்க." ஆய்வுகூடத்தில் இருந்த தாள் அத்தனையையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பேராசிரியர் என்னைக் கூட்டிப் போனார். கடைக்குள் ஜெமீல் எங்கள் தாளைத்தான் விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "இஞ்சி இல்ல தங்கச்சி. சந்தையே இல்ல, இஞ்சி எங்க? பருப்பும் சம்பலும்தான்." நானும் பக்கத்தில் நின்று கட்டினேன். பருப்பு தண்ணியாக இருந்தது. மூன்று மணி நேரம், மூன்று மணி நேரம் என்று மனம் அடித்துக்கொண்டது. அத்தனை பேருக்கு முன்னால் என் தாள் ஒழுகப்போகிறது என்பதுதான் அந்த நேரத்திலும் என் கவலை.

பள்ளிக்கூடத்தில் பார்சலை ஒருவரும் கையில் வைத்திருக்கவில்லை. வாங்கிய கையோடு அவிழ்த்தார்கள். நாங்கள் அடுத்த வகுப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் முதல் வகுப்பறையில் வெறும் தாள்கள்தான் இருந்தன. மணி பார்க்க எடுத்த கையை நான் இறக்கிக்கொண்டேன். மூன்று மணியா ஆறு மணியா என்று இவ்வளவு காலமும் சண்டை பிடித்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் பழக்க தோஷம் விடவில்லை. சுவரோடு சாய்ந்திருந்த ஒரு பெண். மடியில் இருந்த சின்னது தாளை நக்கிக்கொண்டிருந்தது. பெரியவள் தாயின் தாளில் ஒட்டியிருந்த பருக்கைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "தாள் எப்பிடி அக்கா? ஒழுகினதோ?" என்று கேட்டேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. மகளிடமிருந்து தாளை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, நான் கேட்ட அதே அக்கறையோடு பதில் சொன்னார்: "தாளுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. நாளைக்கு உள்ளுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லுங்க."

குழுவின் தீர்ப்பு

குழு வந்தது. ஒரு மாதப் பாவனை கேட்டவர்களுக்குக் காட்ட எங்களிடம் இருந்தது இஞ்சிக்கு முந்திய சில நாட்களும் ஊரடங்கு நாளும் மட்டும். தலைவர் தடித்த கண்ணாடி போட்டவர். திட்டங்களை வெட்டுவதில் பேர் போனவர் என்று முன்கூட்டியே எங்களைப் பயமுறுத்தியிருந்தார்கள். "கடைசிப் பரீட்சார்த்தத்தில் தாள் எவ்வளவு நேரம் தாக்குப் பிடித்தது?" என்று கேட்டார். "தெரியாது சேர். அதுவரைக்கும் ஒருத்தரும் சோத்தை வைச்சிருக்கேல்லை" என்றேன். அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். வேலையும் போயிற்று, கண்டியும் போயிற்று என்று தீர்மானித்துக்கொண்டு நின்றேன்.

பாவித்தவர்களின் அபிப்பிராயத்தையும் சொல்லச் சொன்னார் பேராசிரியர். அந்தப் பெண் சொன்னதை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொன்னேன். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதாக இல்லை. பிறகு தாளின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். தன் முன்னால் கிடந்த மாதிரித் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி மற்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "இன்னொரு வருடம் கொடுங்கள். இந்தப் பிள்ளை தாளைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யட்டும்."

தாள் பெரிதாயிற்று, நானும் கண்டியில் தங்கினேன், கடைக்காரர்கள் மட்டும் பொலித்தீனிலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றில் இரண்டு சரிவந்தால் எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் மகத்தான வெற்றி.